குளிர்கண்ணாடிப் பராமரிப்பின் வரலாறு

குளிர்கண்ணாடி என்பது கடும் வெளிச்சத்திலிருந்தும் புற ஊதாக் கதிர்களிலிருந்தும் கண்ணைக் காக்க அணியப்படும் நிறமேற்றிய கண்ணாடி ஆகும். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் இது கூலிங் கிளாஸ் என்றும் கறுப்புக் கண்ணாடி என்றும் வழங்குகிறது. பெயரில் கண்ணாடி இருந்தாலும், இன்று விற்பனையாகும் குளிர்கண்ணாடிகளில் பெரும்பாலானவற்றின் வில்லை பிளாஸ்டிக்கால் ஆனது. வில்லை செய்யும் பொருள் கடந்த நூறாண்டுகளில் பலமுறை மாறிவிட்டது. ஆனால் வாயால் ஊதிச் சட்டை நுனியால் துடைக்கும் பழக்கம், கண்ணாடி வில்லைக் காலத்தில் இருந்தபடியே இன்றும் நிற்கிறது. புதிதாக வாங்கிய குளிர்கண்ணாடி சில மாதங்களிலேயே மங்கிப்போவதற்குப் பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மையே காரணம்.

வில்லை இல்லாத கண்ணாடி

வெளிச்சத்தைத் தடுக்கக் கண்முன் ஒன்றை அணியும் வழக்கத்தின் மிகப் பழைய சான்றுகள் வடதுருவப் பகுதியில் கிடைக்கின்றன. இனூயிட் மக்களும் அவர்களின் முன்னோரும் வால்ரஸ் தந்தம், எலும்பு, மான்கொம்பு, மரம் ஆகியவற்றைக் குடைந்து, நடுவில் மெல்லிய பிளவு மட்டும் வைத்துப் பனிக்கண்ணாடி செய்தனர். பனிப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் புற ஊதாக் கதிர் விழிவெண்படலத்தை வேகச்செய்து, சில மணி நேரத்தில் கண்ணைத் திறக்க முடியாதபடி ஆக்கிவிடும். பனிக்குருடு எனப்படும் அந்தத் துன்பத்தை இந்தப் பிளவு தடுத்தது. உட்புறத்தில் கரி பூசி எதிரொளிப்பைக் குறைப்பதும் உண்டு. இதில் வில்லையே இல்லை. ஆகவே மூச்சுக்காற்றால் ஆவி படிவதில்லை, கீறல் விழுவதில்லை, துடைக்க வேண்டிய தேவையும் இல்லை. பராமரிப்பு என்ற கோணத்தில் பார்த்தால், பின்னால் வந்த எந்தக் குளிர்கண்ணாடியும் இந்த வசதியை எட்டவில்லை.

சீனாவில் புகைநிறப் படிகக்கல்லைத் தட்டையாக இழைத்து அணியும் வழக்கம் இருந்தது. நீதி விசாரணை செய்வோர் தம் முகக்குறிப்பை மறைக்க இவற்றை அணிந்ததாக 12ஆம் நூற்றாண்டை ஒட்டிய குறிப்புகள் சொல்கின்றன. படிகக்கல் என்பது குவார்ட்ஸ் என்னும் கனிமம். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோ அளவுகோலில் அதன் இடம் 7. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்வரும் கதையில் அது அடிக்கடி வருகிறது.

கண்ணாடி வில்லைக் காலம்

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் நிறக் கண்ணாடிகள் பரவின. வெனிசு நகரின் முரானோ தீவுக் கைவினைஞர்கள் காயல் நீரின் கூசொளியைத் தாங்கப் பச்சைநிறக் கண்ணாடிகளைச் செய்தனர். நாடகாசிரியர் கார்லோ கோல்டோனியின் பெயரால் அவை பின்னாளில் அறியப்பட்டன. அதே நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டனைச் சேர்ந்த மூக்குக்கண்ணாடி வினைஞர் ஜேம்ஸ் ஐஸ்கோ, வெள்ளைக் கண்ணாடியின் ஒளி கண்ணுக்குக் கேடு என்று கருதி நீலம், பச்சை நிற வில்லைகளைப் பரிந்துரைத்தார். அவர் நோக்கம் வெயிலைத் தடுப்பதன்று. ஆயினும் குளிர்கண்ணாடியின் முன்னோடியாக அவர் பெயரே பெரும்பாலும் சொல்லப்படுகிறது.

அக்காலக் கண்ணாடி வில்லைகளைத் துடைக்கப் பயன்பட்டது பதனிட்ட மென்தோல். ஆல்ப்ஸ் மலையாட்டின் பெயரால் ஷாமாய் தோல் எனப்படும் அது, மீன் எண்ணெயில் பதனிடப்பட்டு மிக மென்மையாக இருக்கும். தோல் இல்லாதவர்கள் பழகிய பருத்தி, லினன் அல்லது பட்டுக் கைக்குட்டையைப் பயன்படுத்தினர். வாயால் ஊதி ஈரப்படுத்தித் துடைப்பதும் அந்த வழக்கத்தின் ஒரு பகுதி.

கண்ணாடிக்கு இது பெரிய தீங்கு செய்யவில்லை. சாதாரணக் கண்ணாடியின் கடினத்தன்மை மோ அளவில் ஏறத்தாழ 5.5. துணி நூலோ தோலோ அதைக் கீறாது. கீறுவது துணிக்கும் வில்லைக்கும் இடையே சிக்கும் தூசி. தெருத்தூசியிலும் மணலிலும் குவார்ட்ஸ் துகள்கள் நிறைந்திருக்கின்றன. 7 என்ற கடினத்தன்மை கொண்ட துகள் 5.5 உள்ள பரப்பில் தேயும்போது கோடு விழுவது இயற்கை. ஆனாலும் கண்ணாடி அதை ஓரளவு தாங்கியது. பல ஆண்டுகள் கைக்குட்டையால் துடைக்கப்பட்ட பழைய மூக்குக்கண்ணாடிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் தெளிவாகவே உள்ளன. துடைப்பதால் கெடாத வில்லையைப் பார்த்துப் பழகிய மக்கள், துடைப்பது என்றாலே தீங்கற்றது என்று எண்ணிக்கொண்டனர்.

நிறக் கண்ணாடியை அறிவியல் முறையில் உருவாக்கியவர் ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ். உலைக்களத்தின் முன் வேலை செய்யும் கண்ணாடித் தொழிலாளர்களுக்குக் கண்புரை மிகுதியாக வந்ததை ஆராய, இலண்டன் ராயல் சொசைட்டி அமைத்த குழுவில் அவர் பணியாற்றினார். 300க்கும் மேற்பட்ட கலவைகளைச் சோதித்து, சீரியம் கலந்த கண்ணாடி புற ஊதாக் கதிரை நன்றாகத் தடுப்பதை 1913ஐ ஒட்டி வெளிப்படுத்தினார். கண்ணாடிக்குள் கலக்கப்படும் அதே சீரியத்தின் ஆக்சைடு, கண்ணாடியை மெருகேற்றும் பொடியாகவும் பயன்படுகிறது. கண்ணாடி வில்லையில் விழுந்த மெல்லிய கீறலை இத்தகைய பொடியால் தேய்த்துப் போக்க முடியும். பற்பசை தேய்த்தால் கீறல் மறையும் என்று இன்றும் வீடுகளில் சொல்லப்படுவதன் வேர் இங்கே இருக்கக்கூடும். பற்பசையிலும் சிலிக்கா, கால்சியம் கார்பனேட் போன்ற தேய்ப்புத் துகள்கள் உண்டு. கண்ணாடியில் பெரிய பயனில்லாத இந்த வைத்தியம், பூச்சுள்ள பிளாஸ்டிக் வில்லையில் ஒரு கீறலை எடுப்பதற்காக நூறு கீறல்களைப் போட்டுவிடும்.

1930களில் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரிலிருந்த பாஷ் அண்டு லாம் நிறுவனம் விமானிகளுக்கென உருவாக்கிய பச்சைக் கண்ணாடி, 1937 முதல் ரே-பான் என்ற பெயரில் பொதுமக்களுக்கும் விற்கப்பட்டது. அதன் வில்லையும் அசல் கண்ணாடிதான். 1953இல் வந்த ஜி-15 வில்லை, கட்புலனாகும் ஒளியில் 15 விழுக்காட்டை மட்டும் உள்ளே விடுவதால் அந்தப் பெயர் பெற்றது.

கடற்கரைக்கு வந்த செல்லுலாய்டு

குளிர்கண்ணாடியை எல்லோரும் வாங்கும் பொருளாக்கியவர் சாம் ஃபாஸ்டர். அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெமின்ஸ்டர் ஊரில் செல்லுலாய்டுச் சீப்பு போன்ற தலைமுடி அணிகளைச் செய்துவந்தார். 1920களில் பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளும் பாங்கு பரவியதும் அந்தத் தொழில் சரிந்தது. 1929இல் அட்லாண்டிக் சிட்டி கடற்கரை நடைபாதையில் இருந்த ஊல்வொர்த் கடையில் ஃபாஸ்டரின் மலிவுக் குளிர்கண்ணாடிகள் விற்பனைக்கு வந்தன.

செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோசும் கற்பூரமும் சேர்ந்த பொருள். எளிதில் தீப்பற்றும், சூட்டில் இளகும், அசிட்டோன் பட்டால் கரையும். ஆகவே மூக்குக்கண்ணாடி வரலாற்றில் முதன்முறையாக, எதைக் கொண்டு கழுவுகிறோம் என்பது கவனிக்க வேண்டிய செய்தி ஆயிற்று. வெந்நீரும் நகப்பூச்சு நீக்கியும் பிரேமைக் கெடுத்தன. செல்லுலாய்டுக்குப் பின் வந்த செல்லுலோஸ் அசிட்டேட் பிரேம்கள் அதைப்போல் எளிதில் தீப்பிடிக்காதவை. ஆனால் அசிட்டோனுக்கும் சாராயக் கலவைகளுக்கும் அவையும் அஞ்சும். கைக்கு ஊற்றும் சானிடைசரால் பிரேமைத் துடைத்தால் பளபளப்புப் போய் வெளுப்பதற்கு இதுவே காரணம்.

நாயின் சிறுநீரிலிருந்து போலராய்டு

குளிர்கண்ணாடி வரலாற்றில் மிகச் சுவையான பகுதி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தொடங்குகிறது. 1852இல் அங்கு மருத்துவராக இருந்த வில்லியம் பேர்ட் ஹெராபாத்தின் மாணவர் ஒருவர், குயினின் கொடுக்கப்பட்ட நாயின் சிறுநீரில் அயோடினைச் சொட்டவிட்டார். பச்சையாக மின்னும் நுண்படிகங்கள் தோன்றின. அவற்றை ஹெராபாத் நுண்ணோக்கியில் பார்த்தபோது, இரு படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இடம் சில கோணங்களில் வெளிச்சமாகவும் சில கோணங்களில் இருட்டாகவும் தெரிந்தது. ஒளியின் அதிர்வில் ஒரு திசையை மட்டும் கடத்தி மற்றதை விழுங்கும் பண்பு அந்தப் படிகங்களுக்கு இருந்தது. பாடநூல்கள் இதைத் தளவிளைவு என்கின்றன. ஹெராபாத் பெரிய படிகம் வளர்க்க முயன்றார். அவை தொட்டால் நொறுங்கும் அளவுக்கு மெல்லியவை என்பதால் பயன் கிட்டவில்லை.

முக்கால் நூற்றாண்டு கழித்து, ஆர்வர்டு பல்கலைக்கழகப் படிப்பை நிறுத்திவிட்டு வந்த எட்வின் லேண்டு என்னும் இளைஞர் வேறு வழியில் சிந்தித்தார். ஒரு பெரிய படிகத்துக்குப் பதில் கோடிக்கணக்கான நுண்படிகங்களை ஒரு பிளாஸ்டிக் தாளில் ஒரே திசையில் அடுக்கினால் போதும் என்று கண்டார். 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1937இல் போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்குச் சற்று முன்பே அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனத்தின் வழியாக அவர் தாள் பொருத்திய குளிர்கண்ணாடிகள் கடைக்கு வந்துவிட்டன. நீர்ப்பரப்பிலும் தார்ச்சாலையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைத்திசையில் அதிர்வதால், அந்தத் திசையை அடைத்துவிட்டால் கூச்சம் மறைந்து நீருக்குள் இருக்கும் மீன்கூடத் தெரியும்.

1938இல் லேண்டு இந்தத் தாளைச் செய்யும் முறையை மாற்றினார். பாலிவினைல் ஆல்கஹால் என்னும் பிளாஸ்டிக் படலத்தைச் சூடாக்கி இழுத்து நீட்டி, அதில் அயோடினை ஏற்றினார். நீண்ட மூலக்கூறுகள் இழுத்த திசையில் வரிசையாக நிற்க, அயோடின் அவற்றோடு ஒட்டிக்கொண்டது. இன்றைய போலராய்டு வில்லைகளின் அடிப்படை இந்த முறையே. பராமரிப்புக்கு இதில்தான் சிக்கல் இருக்கிறது. பாலிவினைல் ஆல்கஹால் நீரில் கரையும் பொருள். அதனால் அந்தப் படலத்தை வேறு இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு இடையே வைத்து ஒட்டுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் ஒரே வில்லைபோல் தெரிவது உண்மையில் அடுக்கடுக்கான அப்பளக்கட்டு.

இந்த அடுக்கு விளிம்பில்தான் பலவீனமானது. நீரில் மணிக்கணக்காக ஊறவைத்தாலோ, வெந்நீரில் கழுவினாலோ, வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைத்தாலோ விளிம்பு வழியாக ஈரமும் சூடும் புகுந்து படலம் பிரியும். முதலில் ஓரத்தில் எண்ணெய் படர்ந்ததுபோல் வண்ணவட்டம் தோன்றும். பிறகு குமிழி எழும். பலர் இதை அழுக்கு என்று எண்ணி மேலும் அழுத்தித் துடைக்கிறார்கள். அடுக்கு பிரிந்த வில்லையை மீண்டும் ஒட்ட வழியில்லை. மாற்றுவது ஒன்றே செய்யக்கூடியது. போலராய்டு வில்லையைக் குழாய் நீரில் சட்டென்று கழுவி உடனே ஈரம் போக்க வேண்டும் என்று சொல்லப்படுவதன் பொருள் இதுதான்.

பிளாஸ்டிக் வில்லை

இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வேதியியலாளர்கள் தெளிவான கெட்டிப் பிசின் ஒன்றைத் தேடி வரிசையாகச் சோதித்தனர். அவற்றில் 39ஆவது கலவை வெற்றிபெற்றதால் அது சிஆர்-39 எனப் பெயர் பெற்றது. முதலில் குண்டுவீச்சு விமானங்களின் எரிபொருள் தொட்டிகளில் பயன்பட்ட அது, 1947இல் கலிஃபோர்னியாவின் ஆர்மர்லைட் நிறுவனத்தால் மூக்குக்கண்ணாடி வில்லையாக்கப்பட்டது. எடையில் கண்ணாடியைப்போல் ஏறத்தாழப் பாதி. விழுந்தால் கூரிய சில்லுகளாகச் சிதறுவதும் குறைவு. 1953இல் செருமனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரை அறியாமல் ஒருவர் பாலிகார்பனேட்டைக் கண்டுபிடித்தனர். அது இன்னும் உறுதியானது. சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாது. புற ஊதாக் கதிரைத் தன் இயல்பாலேயே தடுக்கும்.

கண்ணாடி வில்லையின் ஆட்சியை முடித்தது ஒரு சட்டவிதி. கண்ணாடி உடைந்து கண்ணில் பாய்ந்த விபத்துகள் கவலை தந்ததால், எல்லா மூக்குக்கண்ணாடிகளும் குளிர்கண்ணாடிகளும் மோதலைத் தாங்க வேண்டும் என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1972இல் நடைமுறைப்படுத்தியது. சுமார் 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து வில்லைமேல் போடுவது சோதனை. பதப்படுத்திய கண்ணாடி இதில் தேறும். ஆனால் எடை கூடும், செலவும் கூடும். தயாரிப்பாளர்கள் பிளாஸ்டிக்குக்கு நகர்ந்தனர்.

கண் காப்பாற்றப்பட்டது, வில்லை பலவீனமானது. உடையாத பொருளுக்கும் கீறாத பொருளுக்கும் தேவைப்படும் பண்புகள் வேறு. பாலிகார்பனேட் அடியைத் தாங்குவது அது மென்மையாக வளைந்துகொடுப்பதால். அந்த மென்மையால்தான் மணல்துகள் அதில் எளிதாகக் கோடு கிழிக்கிறது. கண்ணாடியில் நூறு முறை துடைத்தும் தெரியாத சேதம், பூச்சில்லாத பாலிகார்பனேட்டில் ஒரே முறையில் தெரியும். பழைய பழக்கம் புதிய பொருளோடு மோதிய இடம் இதுவே. கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பகுதிக் கடற்கரைகளில் நிலைமை இன்னும் கடுமை. அங்குள்ள மணலில் கலந்திருக்கும் கார்னெட் என்னும் செந்நிறக் கனிமம் உப்புத்தாள்போன்ற தேய்ப்புப் பொருள்கள் செய்யவே பயன்படுவது. அந்தக் காற்றில் நனைந்த கண்ணாடியைத் துண்டால் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சற்றே குறைவானது.

கீறலைத் தடுக்கும் பூச்சுக்கு ஒரு வழி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் டெட் வைடவென் என்னும் ஆய்வாளர், விண்கலத்தில் நீரைத் தூய்மையாக்கும் சவ்வுக்காக மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு ஒன்றை உருவாக்கினார். பின்னர் விண்வெளி வீரர்களின் தலைக்கவசக் கண்மறைப்பைக் காக்கும் கெட்டிப் பூச்சாக அந்த நுட்பம் வளர்ந்தது. 1980களில் ஃபாஸ்டர் கிராண்ட் நிறுவனம், அதாவது சீப்பு செய்த அதே சாம் ஃபாஸ்டரின் நிறுவனம், உரிமம் பெற்று அதைக் குளிர்கண்ணாடி வில்லைகளில் பயன்படுத்தியது.

பூச்சுகளும் அவற்றின் பகைகளும்

இப்போது வில்லைமேல் கெட்டிப் பூச்சோடு வேறு பல படலங்களும் ஏறியுள்ளன. செருமனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935இல் காப்புரிமை பெற்ற எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு, இன்று பல குளிர்கண்ணாடிகளின் உட்பக்கத்தில் உள்ளது. பின்னாலிருந்து வரும் ஒளி வில்லையில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பாமல் அது தடுக்கும். முன்பக்கம் ஆடிபோல் மின்னும் கண்ணாடிகளில் உலோகம் அல்லது ஆக்சைடுகளால் ஆன மிக மெல்லிய படலம் இருக்கிறது. அதில் கீறல் விழுந்தால் கோடாக மட்டும் தெரிவதில்லை; படலம் உரிந்து அடிவில்லையின் நிறமே வெளியே தெரியும்.

இந்தப் பூச்சுகளுக்கு முதல் பகை சூடு. பிளாஸ்டிக் வில்லை சூட்டில் விரியும் அளவு, மேலிருக்கும் ஆக்சைடுப் பூச்சு விரியும் அளவைவிடப் பல மடங்கு அதிகம். நடுப்பகல் வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு 70 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேறும். அடியிலுள்ள வில்லை விரிய, மேலுள்ள பூச்சு கூடவர முடியாமல் வெடித்து, வறண்ட ஏரிப்படுகைபோல் நுண்பிளவுகள் ஓடும். ஒரு கோடைக்கு இப்படி விட்டுவைத்தால் போதும்.

இரண்டாவது பகை வேதிப்பொருள். 1930களிலிருந்து பரவிய சன்னல் கண்ணாடித் தெளிப்பான்கள் பலவற்றில் அம்மோனியா உண்டு. சன்னலுக்கு ஏற்றது பூச்சுக்கு ஏற்றதன்று. அம்மோனியா பூச்சை மெல்ல அரிக்கும். கொசு விரட்டிக் களிம்புகளில் உள்ள டீட் என்னும் பொருள் பல பிளாஸ்டிக்குகளை இளக்கும். வெயில் தடுப்பு கிரீம் பூசிய விரலால் வில்லையைத் தொட்டுவிட்டால் அதை நெடுநேரம் அப்படியே விடக்கூடாது. வியர்வையால் பிரேமுக்கும் சேதம் உண்டு. மூக்குத்தாங்கியைச் சுற்றிப் பச்சையாகப் படிவது, பிரேமின் உலோகக் கலவையிலுள்ள செம்பு வியர்வையோடு சேர்ந்து துருவேறுவதால் வருவது.

துணியின் கதை

ஷாமாய் தோலுக்குப் பின் 20ஆம் நூற்றாண்டில் மெல்லிய தாள்கள் வந்தன. நுண்ணோக்கி, கேமரா வில்லைகளுக்கென்றே செய்யப்படும் தாள் வேறு. உணவகத்தில் கிடைக்கும் டிஷ்யூ தாள் வேறு. பின்னதில் மரநார் முரடாக இருக்கும். முகம் துடைக்கும் வகைகளில் சிலவற்றில் களிம்பும் சேர்த்திருப்பார்கள். கண்ணாடி வில்லை தாங்கிய அந்தத் தாளைப் பிளாஸ்டிக் தாங்காது.

இன்று கண்ணாடி உறையோடு இலவசமாகத் தரப்படும் மைக்ரோஃபைபர் துணி சப்பானில் பிறந்தது. டோரே நிறுவனத்தின் மியோஷி ஒகமோட்டோ 1970இல் மிக நுண்ணிய செயற்கை இழைகளை நூற்கும் முறையைக் கண்டார். முதலில் அது செயற்கை மென்தோல் செய்யப் பயன்பட்டது. 1980களில் வில்லை துடைக்கும் துணியாயிற்று. சில மைக்ரான் தடிமனே உள்ள அந்த இழைகள், பருத்தி இழை எண்ணெயைப் பரப்பிவிட்டுப் போகும் இடத்தில், அதைத் தம் இடுக்குகளில் இழுத்து வைத்துக்கொள்ளும்.

அந்த நல்ல குணமே ஒரு தொல்லையும் ஆகும். எண்ணெயைப்போலவே தூசியையும் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் கழுவாமல் பைக்குள் கிடந்த மைக்ரோஃபைபர் துணி, வாங்கிய நாளின் துணியன்று. அதைச் சிறிது சலவைத்தூளில் தனியே அலசி நிழலில் காயவைக்க வேண்டும். துணியை மணமாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. அது இழைகள்மேல் படலமாகப் படிந்து, பிறகு வில்லைக்கு மாறும்.

நடைமுறையில் இன்றைய முறை

பூச்சுள்ள பிளாஸ்டிக் வில்லைக்கு ஏற்ற முறையில் துணிக்குக் கடைசி இடம்தான். முதல் இடம் நீருக்கு. கையை முதலில் கழுவிக்கொண்டு, குளிர்ந்த அல்லது அறைவெப்ப நீரைக் குழாயில் ஓடவிட்டு இருபுறமும் காட்டினால் மணலும் உப்பும் தேய்ப்பின்றி வெளியேறும். கடலுக்குப் போய் வந்த நாளில் இது மிக அவசியம். உப்பு காய்ந்துவிட்டால் படிகமாகி வில்லையில் ஒட்டும், கீல் திருகுகளையும் துருப்பிடிக்க வைக்கும். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டை விரல்நுனியில் எடுத்து வில்லை, மூக்குத்தாங்கி, காதுக்கம்பி எல்லாவற்றிலும் மெதுவாகத் தடவி அலச வேண்டும். பாத்திரம் துலக்கும் சோப்புக்கட்டியும் பொடியும் கூடாது. அவற்றில் தேய்ப்புத் துகள்கள் உள்ளன. முகத்துக்குப் போடும் கிரீம் கலந்த சோப்பு படலமாக நிற்கும். மூக்குத்தாங்கியின் இடுக்கை மட்டும் மென்மையான பல்துலக்கியால் துலக்கலாம். அது வில்லையில் படக்கூடாது.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். அதைத் தானாகக் காயவிட்டால் வெண்புள்ளிகள் படியும். அவற்றைப் பிறகு சுரண்டி எடுக்கும்போதுதான் கீறல் விழுகிறது. ஆகவே உதறிவிட்டு, சுத்தமான துணியால் ஒற்றி உலர்த்துவது நல்லது. கடைசி அலசலுக்கு ஒரு குவளை குடிநீர் செலவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. நீர் கிடைக்காத இடத்தில் வில்லைக்கான தெளிப்பானோ ஈரத்துடைப்பானோ பயன்படலாம். ஆனால் தூசியை ஊதித் தட்டிய பிறகே. வாய்க்காற்று தரும் ஈரம் மணலை அகற்றும் அளவுக்குப் போதாது.

வைக்கும் முறையும் சேதத்தைத் தீர்மானிக்கிறது. மேசையில் வில்லை கீழ்நோக்கி இருக்கும்படி வைப்பது, சாவியோடு சட்டைப்பையில் போடுவது, தலைமேல் ஏற்றி எண்ணெய் படவிடுவது ஆகிய மூன்றும் அன்றாடம் காணும் தவறுகள். தலையில் ஏற்றிவைப்பதால் காதுக்கம்பிகளும் அகன்றுவிடும்.

கீறலால் கண்ணுக்கு என்ன ஆகிறது

கீறல் விழுந்தால் புற ஊதாப் பாதுகாப்பே போய்விடும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இது பெரும்பாலும் சரியன்று. பாலிகார்பனேட்டில் அந்தப் பாதுகாப்பு பொருளின் உள்ளேயே இருக்கிறது. மேற்பரப்பின் மெல்லிய கோடு அதைப் பெரிதாகக் குறைக்காது. உண்மையான ஆபத்து வேறு. ஒவ்வொரு கீறலும் ஒளியைச் சிதறடிக்கும். மாலையில் மேற்கு நோக்கி வண்டி ஓட்டுபவர் கண்முன் நூற்றுக்கணக்கான நுண்கீறல்கள் ஒன்றாக ஒளிர்ந்து வெண்திரையாகிவிடும். அந்தத் திரைக்குப் பின்னால் சாலையைக் கடக்கும் ஆள் சில கணங்களுக்குத் தெரியாமல் போகலாம். கூசொளியைக் குறைக்க வாங்கிய பொருளே கூசொளியை உண்டாக்கும் நிலை இது. தொடர்ந்து அணியும்போது கண்சோர்வும் வரும். வில்லையை எதிரே நீட்டி வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்க்கும்போது நடுப்பகுதியில் சிலந்திவலைபோல் கோடுகள் தெரிந்தால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

பாதுகாப்பே இல்லாத கறுப்புக் கண்ணாடியோ, எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் பயன்படாது. வெறும் நிறம் மட்டும் உள்ள வில்லைக்குப் பின்னால் கண்மணி விரியும். தடுக்கப்படாத புற ஊதாக் கதிர் கூடுதலாக உள்ளே போக வழியாகும். 400 நானோமீட்டர் வரையிலான கதிர்களைத் தடுப்பவை யூவி400 என்று குறிக்கப்பட்டிருக்கும்.

பிறர் கண்ணாடி

தமிழ்நாட்டில் கறுப்புக் கண்ணாடி எம்.ஜி.ஆர்., கருணாநிதி ஆகிய இரு முதலமைச்சர்களின் அடையாளமாக இருந்தது. அதே கண்ணாடி நோயின் அடையாளமாகவும் இருந்திருக்கிறது. மெட்ராஸ் ஐ எனப்படும் விழிவெண்படலச் சிவப்பு நோய் 1918இல் சென்னையில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர் பெற்றது என்பர். நோய் வந்தவரின் கண்ணைப் பார்த்தாலே தொற்றிவிடும் என்ற நம்பிக்கையால், நோயாளிகள் கறுப்புக் கண்ணாடி அணிந்து வெளியே வரும் வழக்கம் ஏற்பட்டது. பார்வையால் அது பரவுவதில்லை. கண்ணைத் தேய்த்த கை, துண்டு, தலையணை உறை, பிறகு அந்தக் கண்ணாடி ஆகியவற்றின் வழியாகப் பரவுகிறது. பெரும்பாலும் இந்நோயை உண்டாக்கும் அடினோ வைரசு உலர்ந்த பரப்பில்கூடப் பல நாள்கள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. கூச்சத்தைக் குறைக்கக் கண்ணாடி அணிவதில் தவறில்லை. ஆனால் வீட்டில் ஒரே கண்ணாடியை அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றி அணிந்தால், நோயைத் தடுப்பதாக நம்பப்பட்ட பொருளே அதைக் கொண்டுசேர்க்கும். அந்த நாள்களில் கண்ணாடியைச் சோப்பு நீரால் அன்றாடம் கழுவி, கழுவிய கையையும் மீண்டும் கழுவுவது வேண்டும்.

கண்புரை அறுவைக்குப் பின் கொடுக்கப்படும் பக்கவாட்டு மறைப்புள்ள கறுப்புக் கண்ணாடிக்கும் இது பொருந்தும். ஆறிவரும் கண்ணைத் தூசியிலிருந்தும் கை படுவதிலிருந்தும் காப்பது அதன் வேலை. பெரும்பாலும் அது பூச்சில்லாத மலிவுப் பிளாஸ்டிக். முந்தானையாலோ தோள்துண்டாலோ துடைத்தால் ஒரு வாரத்திலேயே மங்கும். மங்கியதைக் கண்டு, அறுவை செய்த கண்தான் சரியாகத் தெரியவில்லை என்று பெரியவர்கள் அஞ்சுவதுண்டு. அப்படிச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால், மங்கல் எதில் இருக்கிறது என்பது பல நேரங்களில் அப்போதே தெரிந்துவிடும். கழற்றியும் மங்கல் மாறாவிட்டால், அல்லது வலியும் சிவப்பும் கூடினால், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.